குப்பைமேடு மூடப்பட்ட பிறகு: மட்டக்களப்பும் ஆலப்புழையும்

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். நாடே குப்பையைப் பற்றிப் பேசிய அந்த ஆண்டிலேயே மட்டக்களப்பு மாநகர சபையின் திருப்பெருந்துறைக் குப்பைமேடும் தீப்பற்றியது. புகை குடிமனைகளுக்குள் புகுந்தது. மக்கள் எதிர்த்து நின்றார்கள். விடயம் நீதிமன்றம் வரை போய், நகரின் கழிவுக்கு வேறிடம் பார்க்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு முடிவதற்குள் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு, திண்மக்கழிவை நன்றாகக் கையாளும் நகரங்கள் என்று ஐந்தின் பெயரைச் சொன்னது: ஜப்பானின் ஒசாகா, ஸ்லோவேனியாவின் லுப்லியானா, மலேசியாவின் பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா, கேரளத்தின் ஆலப்புழை.

ஒசாகாவின் காசு நம்மிடம் இல்லை. லுப்லியானாவின் குளிரும் இல்லை. ஆலப்புழையை மட்டும் மட்டக்களப்பின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்த்தால் கொஞ்சம் உறுத்தவும் செய்யும். ஏனென்றால் அந்த நகருக்கும் இதே அடி விழுந்திருந்தது, நமக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். ஆழம் அதிகமில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்மேல் கல்லடியும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் கிடக்கின்றன. புளியந்தீவைச் சுற்றித் தண்ணீர்தான். மாரியில் முகத்துவாரம் வெட்டுண்டு கடலோடு கலக்கும் வாவி, கோடையில் மணல் திட்டு அடைத்ததும் தன் அழுக்கைத் தானே வைத்துக்கொண்டிருக்கும். மணலைச் சில அடி தோண்டினால் கிணற்றுநீர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகும் குளிக்கவும் துவைக்கவும் பலருக்குக் கிணறுதான். மணலுக்கு வடிகட்டுகிற பொறுமை கிடையாது. மேலே ஊற்றியது கீழே போய்விடும்.

ஆலப்புழையும் இப்படித்தான். ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் வேம்பநாட்டுக் காயல், நடுவே மணல். திருவிதாங்கூரின் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த வாய்க்கால்கள் ஊருக்குள்ளே ஓடுகின்றன. பக்கத்துக் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. 2011 குடிசன மதிப்பீட்டில் நகரசபைக்குள் 1.74 இலட்சம் பேர், 52 வட்டாரங்கள். மட்டக்களப்பு மாநகரம் அதில் பாதியளவு சனத்தொகையுள்ளது. குழி தோண்டிக் குப்பை புதைத்தால் அது நேரே குடிநீரில் போய்ச் சேரும் என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை. நமது கரையூர்களில் வாவியோரத்துச் சதுப்பைக் குப்பையால் நிரப்பி மேடாக்குவது ஒரு காலத்தில் குப்பையையும் தீர்த்து நிலத்தையும் உண்டாக்கும் கெட்டித்தனமாகவே எண்ணப்பட்டது. கண்டல் இருந்த இடத்தில் கட்டடம் வந்தது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆலப்புழையின் கழிவு, நாளொன்றுக்கு 50 தொன் அளவில், நகருக்கு வெளியே மாராரிக்குளம் தெற்குப் பஞ்சாயத்தில் உள்ள சர்வோதயபுரத்துக்கு லொறியில் போய்க்கொண்டிருந்தது. பெயருக்கு அங்கே ஒரு பசளை ஆலை. உண்மையில் மலைபோலக் குவிந்த குப்பை, ஈ, நாற்றம், கெட்டுப்போன கிணறுகள். 2012இல் அந்த ஊர்ச்சனம் லொறிகளை மறித்தது. அதற்குச் சற்று முன்தான், 2011 டிசம்பரில், திருவனந்தபுரத்தின் கழிவு போய்க்கொண்டிருந்த விளப்பில்சாலை ஆலையை அந்தப் பஞ்சாயத்து இழுத்துப் பூட்டியிருந்தது. நகரத்தான் தின்று எறிந்ததை நாட்டுப்புறத்தான் ஏன் மணக்க வேண்டும் என்ற கேள்வி கேரளமெங்கும் சத்தமாகக் கேட்ட காலம் அது. ஆலப்புழைத் தெருக்களில் குப்பை அழுகியது; வாய்க்கால்களில் மிதந்தது.

இங்கே இரு நகரங்களும் ஒரே சந்தியில் நிற்கின்றன. மேடு மூடியாயிற்று. இனி என்ன? மட்டக்களப்பு இன்னொரு இடத்தைத் தேடியது. ஆலப்புழைக்குத் தேடினாலும் இடம் கிடைக்காது. காணி விலை, சன நெருக்கம், விழித்துக்கொண்ட பஞ்சாயத்துகள். அதன் வெற்றியைப் பேசும்போது பலர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஞானம் பிறந்து அவர்கள் மாறவில்லை, வழியடைபட்டு மாறினார்கள். நமக்கு ஒரு வழி திறந்திருந்தது.

அந்த வழி கொடுவாமடு. செங்கலடியைத் தாண்டி, பதுளை வீதிப் பக்கம், ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், ஐ.நா. திட்டச் சேவை அலுவலகத்தின் பொறுப்பில் அமைந்த நிலநிரப்புத் தளம் அங்கே இருந்தது. இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. திருப்பெருந்துறை திறந்தவெளி மேடு. முறையான நிலநிரப்பு என்பது வேறு சாதி. அடியில் நீர் கசியாத விரிப்பு, கசிவுநீரைச் சேர்க்கும் குழாய், அதைத் தேக்கும் குளம், கொட்டியதைப் பரப்பி மண்ணால் மூடும் ஒழுங்கு. விதிப்படி நடத்தினால் புகையும் இல்லை, கிணறும் கெடாது. போரும் சுனாமியும் சிதைத்த ஒரு மாவட்டத்துக்கு அது பெரிய வரவு.

ஆனால் நிலநிரப்புக்கும் வயிறு உண்டு. எவ்வளவு குறைவாகக் கொட்டுகிறோமோ அவ்வளவு காலம் அது வாழும். நம் கழிவில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது: மரக்கறித் தோல், சோறு, மீன் செதிள், இலை தழை, இளநீர்க் கோம்பை. இதையெல்லாம் பொலித்தீனோடு சேர்த்து ஏற்றி, செங்கலடிச் சந்தி வரைக்குமே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் ஓட்டி, அப்பாலும் கொண்டுபோய், விலையுயர்ந்த விரிப்பின்மேல் கொட்டினால், நாம் கொண்டுபோவதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரக் கழிவு கனமானது. அந்தக் கனத்துக்கு டீசல் எரிகிறது. கசிவுநீர் உண்டாவதும், காற்றில்லாமல் அழுகி மீதேன் கிளம்புவதும், அந்த வாயுவால் மேடு தீப்பற்றுவதும் இதே ஈரக் கழிவால்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் விற்கக்கூடிய பொருள்.

2022 வந்தபோது இந்தக் கணக்கின் அடுத்த வரி தெரிந்தது. டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில் நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் கழிவுச் சேகரிப்பு தடுமாறியது. லொறி ஓடாவிட்டால் குப்பை கேற்றடியில். தூரத்தை நம்பிக் கட்டிய எந்த ஏற்பாடும் எரிபொருள் இருக்கும்வரைக்குத்தான். கொழும்புக்கும் இது பொருந்தும். மீதொட்டமுல்லைக்குப் பிறகு புத்தளத்து அறுவக்காட்டில் நிலநிரப்பு, கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய 10 மெகாவாற் எரிமின் நிலையம் என்று தலைநகரம் பணத்தைக் கொட்டித் தூரத்தையும் நெருப்பையும் வாங்கியது. மட்டக்களப்பால் அப்படி வாங்க முடியாது. ஈரக் கழிவை எரிப்பதும் தண்ணீரை எரிக்கப் பார்ப்பதுதான்.

தூரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அதை அம்பாறையில் பார்க்கலாம். பள்ளக்காட்டில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் குப்பை கொட்டப்படும் திறந்தவெளிக்கு யானைகள் வருகின்றன. சோற்றுமணம் பிடித்த பொலித்தீனை அப்படியே விழுங்குகின்றன. 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்துகிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் அப்படி இறந்தவை 20 அளவில் என்று கணக்குச் சொன்னார்கள். நாட்டில் வனவிலங்கு வாழும் பகுதிகளை ஒட்டி 54 குப்பை மேடுகள் உண்டு, அவற்றைச் சுற்றி 300 வரையான யானைகள் திரிகின்றன என்பது அரசாங்கத்தின் கணக்கு. நகரிலிருந்து ஒதுக்குப்புறமாக இருக்கிறதே என்று நாம் ஆறுதல்படும் இடம் யாருக்கோ, எதற்கோ வீட்டு வாசல். கொடுவாமடுவின் சுற்றுப்புறத்துச் சனம் வீசும் குப்பையும் நகரின் அரசடிச் சந்தியில் சேரும் குப்பையும் அளவில் ஒன்றல்ல. இரண்டும் போய்ச் சேரும் இடம் மட்டும் ஒன்று.

இனி ஆலப்புழை செய்தது. 2012 நவம்பரில் ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற திட்டம் 12 வட்டாரங்களில் தொடங்கியது. அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் பொருளியலாளருமான தோமஸ் ஐசக் முன்னால் நின்றார். திட்டத்தின் சாரம் ஒரே வரி: உக்குவது வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. கொஞ்சம் வளவு உள்ளவருக்கு உயிரிவாயுக் கலன், மானியத்தோடு. அது ஒரு சின்னக் குடும்பத்துக்கு நாளில் கொஞ்ச நேரமாவது அடுப்பெரிக்கும். இடம் இன்னும் குறைந்தவருக்கு நிலத்தில் நட்ட இரண்டு பிவிசி குழாய்கள். ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதில் போட வேண்டும். அது நிரம்புவதற்குள் முதலாவது பசளையாகிவிடும். வளவே இல்லாதவருக்கு வட்டாரத்தில் ஒரு காற்றோட்டத் தொட்டி.

இந்தத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் மட்டக்களப்புக்கு மிகப் பொருத்தமானது இதுதான். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவானது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். சுவரில் இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டி. அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த இலை அல்லது தும்பு, அதன்மேல் சமையலறைக் கழிவு, மறுபடி சாணம், இலை, கழிவு. சுவரின் இடைவெளி வழியே காற்றுப் போவதால் அழுகல் இல்லை, ஆகவே நாற்றமும் இல்லை. உள்ளே சூடு 60 பாகை செல்சியசைத் தாண்டும். நோய்க் கிருமியும் ஈயின் புழுவும் தாங்கா. காய்ந்த இலை ஈரத்தைக் குடித்துவிடுவதால் கசிவுநீர் வடிவதில்லை. ஒரு பெட்டி இரண்டு தொன் வரை வாங்கிக்கொள்ளும். மூன்று மாதத்தில் பசளை. நிலத்துக்கு மேலே நிற்பதால் மணல் ஊருக்குப் பயமில்லை. மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம், வெளிநாட்டு நிபுணர் வேண்டாம்.

மாட்டுப்பண்ணையில் பிறந்த முறை என்பதால் மீனும் இறைச்சியும் இதற்குச் சிக்கலில்லை. குழாய்ப் பசளையில் மீன் தலையைப் போட்டால் புழு நெளியும். இந்தத் தொட்டியில் சாணத்துக்கும் இலைக்கும் நடுவே புதைத்துவிட்டால் முள்ளுக்கூட மெலிந்துபோகும். இறால் கோதும் நண்டோடும் நாள்தோறும் சேரும் ஊரில் இது சாதாரண விடயமில்லை. சாணத்துக்குப் பஞ்சமா? மட்டக்களப்பு மாடு மேயும் மாவட்டம். காய்ந்த இலைக்கு? விடிந்தால் நம் வளவுகளில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கும் சருகு எவ்வளவு என்று பார்த்தாலே போதும். உக்கும் குப்பையை லொறிக்குக் கொடுத்துவிட்டு, அதை உக்கவைக்கக்கூடிய சருகைக் கொளுத்துகிறோம். போகிறபோக்கில் ஒரு சொப்பிங் பேக்கும் அந்த நெருப்பில் விழும். அந்தப் புகைதான் திருப்பெருந்துறையில் எல்லாரையும் இருமவைத்தது. வீட்டு மூலையில் எரியும்போது மட்டும் அது குப்பைமேட்டுப் புகை என்று நமக்குத் தோன்றுவதில்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு ஒரே இரவில் தடை வந்தபோது வயல்காரர் சேதனப் பசளைக்கு அலைந்தார்கள். அந்தத் தடை முட்டாள்தனம் என்பது வேறு கதை. நவம்பரில் அரசாங்கமே அதைக் கைவிட்டது. என்றாலும் அந்த ஏழு மாதத்தில் ஒன்று வெளிச்சமானது. நகரங்களின் வயிற்றிலிருந்து வந்ததை நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் வழி நம்மிடம் இல்லை. இருந்த கொஞ்சநஞ்சப் பசளை நிலையங்களுக்கும் ஒரு நோய்: கலந்த குப்பையிலிருந்து செய்த பசளையில் கண்ணாடித் துண்டும் பொலித்தீன் நாரும் கிடக்கும். பற்றரியிலிருந்து பார உலோகம் சேரும். நகரக் கழிவுப் பசளைக்கு இலங்கைத் தர நிறுவனத்தின் தரம் ஒன்று இருக்கிறது. கலந்து கொட்டிவிட்டுப் பிறகு பிரிப்பவரால் அதை எட்டுவது கடினம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவன் கண்ணாடி கலந்த பசளையை ஒருதடவைதான் வாங்குவான். பிரிப்பது அடுப்படியில் நடக்க வேண்டும். அதற்குப் பிந்திய இடமெல்லாம் பிந்தியதுதான்.

சட்டமும் இங்கே ஒரு சங்கதி செய்கிறது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சபை சேகரித்த கழிவு சபையின் சொத்து. அகற்றும் கடமையும் சபையின் கடமை. பிரித்தானியர் காலத்துச் சுகாதாரச் சிந்தனை இது, கொள்ளைநோய்க்குப் பயந்து பிறந்தது. அக்காலத்துக்கு நியாயமானதுதான். ஆனால் அது வீட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், கேற்றுக்கு வெளியே வைத்ததோடு என் பொறுப்புத் தீர்ந்தது என்பது. 2009ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் கண்ட இடத்தில் கொட்டுவதைத் தடுத்தன. வீட்டுக்குள்ளேயே முடிக்கச் சொல்லும் வலு அவற்றுக்கு இல்லை. ஆலப்புழை மாற்றியது அந்தப் பாடத்தைத்தான்.

மாற்றியது யார் என்று கேட்டால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். தொட்டியை யாரும் கட்டலாம். சாணமும் சருகும் எங்கும் உண்டு. ஆலப்புழையில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தெரிவான உறுப்பினர் ஒருவர் இருந்தார். வீட்டு வாசலில் போய் நின்று பேச, ஏச்சு வாங்க, மறுபடி போக அவருக்குக் காரணம் இருந்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடலால் உள்ளூர்ச் சபைகளின் கையில் காசு இருந்தது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ வழியாகத் தெருவுக்குத் தெரு பெண்கள் குழு இருந்தது.

மட்டக்களப்பில்? 2008இல் தெரிவான மாநகர சபையின் காலம் முடிந்த பிறகு 2018 பெப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. திருப்பெருந்துறை எரிந்தபோது நகரத்தை நடத்தியவர்கள் அதிகாரிகள். 2018இல் வந்த சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் வந்தது. இரண்டு தடவை, அதில் ஒன்று கழிவு பற்றி மிகக் கடினமான முடிவு எடுக்க வேண்டிய வேளை, வாசலில் வந்து நிற்க வேண்டிய கட்டாயமுள்ள ஆள் யாரும் இல்லை. ஆணையாளரால் லொறியைத் திருப்பிவிட முடியும். ஒரு நாளைக்குள் அது முடியும், அவர் அதைச் செய்தார் என்று குறை சொல்லவும் ஏலாது. ஆனால் இருபதினாயிரம் அடுப்படிகளில் பழக்கத்தை மாற்றச் சுற்றறிக்கை போதாது. நிலநிரப்பைத் தேர்ந்ததை நான் தொழில்நுட்பத் தெரிவாகப் பார்க்கவில்லை. சபை இல்லாத நகரத்துக்குக் கைக்கு எட்டியது அதுதான்.

ஆலப்புழையைக் கோயிலாக்கவும் வேண்டாம். 2016இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அதை இந்தியாவின் மிகத் தூய நகரங்கள் வரிசையில், மைசூருக்கும் பணஜிக்கும் பக்கத்தில் வைத்தது. அதே நகரின் வாய்க்கால்களில் மலக்கழிவு கலப்பது தீரவில்லை. திண்மக்கழிவை வீட்டுக்குள் நிறுத்தியவர்களால் குளியலறைக் குழாயை நிறுத்த முடியவில்லை. வாய்க்கால்களை மீட்க மும்பை ஐஐடியும் கேரள உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து 2017இல் தனியாக ஒரு முயற்சி தொடங்க வேண்டியிருந்தது. எரிவாயுக் கலன்களில் சில, பராமரிக்க ஆளில்லாமல் நின்றுபோயின. பக்கத்து நகரமும் இவர்களைப் பார்த்துத் திருந்திவிடவில்லை. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு 2023 மார்ச் 2ஆம் திகதி தீப்பிடித்து 12 நாள் புகைந்தது. ஆலப்புழையிலிருந்து அது ஐம்பது, அறுபது கிலோமீற்றர். நல்ல உதாரணம் தானாகப் பரவும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தத் தூரம் போதும்.

உக்காதவற்றில் இரு ஊரும் வேறு வேறு கைகளை நம்பியிருக்கின்றன. கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் குழு வீடு வீடாகப் போய், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறது. மாதம் 50 ரூபாயோ கொஞ்சம் கூடவோ வீட்டுக்காரர் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துக் குப்பை கொடுப்பதா என்று முதலில் பல வீடுகளில் முகஞ்சுளித்தார்கள். எடுத்ததை விற்கவும் அனுப்பவும் கிளீன் கேரளா என்ற அரச நிறுவனம் உண்டு. மட்டக்களப்பில் இந்த வேலையின் நல்ல பாதியைச் செய்பவர் பழைய இரும்பு, போத்தல் வாங்க ஒழுங்கைக்குள் வருகிறவர். சபையின் கணக்கில் அவர் இல்லை, சம்பளமும் இல்லை, கையுறையும் இல்லை. அவர் எடுப்பது விலைபோவதை மட்டும். விலைபோகாத லஞ்ச் சீற்றும் சொப்பிங் பேக்கும் கானில் கிடக்கும். 2017 செப்டெம்பர் 1இலிருந்து லஞ்ச் சீற்றுக்குத் தடை இருக்கிறது; எந்தச் சாப்பாட்டுக் கடையிலாவது போய்ச் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள், தடையின் கதி தெரியும். 2023இல் உறிஞ்சு குழாய், பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு என்று இன்னொரு பட்டியல் வந்தது. பட்டியல் போடுவதில் கொழும்பு யாருக்கும் சளைத்ததல்ல.

ஆபத்தான கழிவுக்கு வரும்போது ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. வைத்தியசாலைக் கழிவுக்கு இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை பாலக்காட்டில் ‘இமேஜ்’ என்ற பொது நிலையம் நடத்துகிறது. தொழிற்சாலைகளின் நச்சுக் கழிவுக்குக் கொச்சி அம்பலமேட்டில் தனி நிலநிரப்பு இருக்கிறது. ஆலப்புழை தன் அடுப்படிக் கழிவை மட்டும் கவனிக்கலாம், ஏனென்றால் மற்றதைத் தாங்க மாநிலம் பின்னால் நிற்கிறது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நச்சுக் கழிவைப் பட்டியலிட்டு, அதை உண்டாக்கவும் ஏற்றவும் வைத்திருக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. கொண்டுபோய் முடிக்கும் இடம்? பெரும்பகுதிக்குப் புத்தளம் சீமெந்து ஆலையின் சூளைதான் வழி. தீவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு. பெரிய கம்பனிக்கு அது கட்டுப்படியாகும். பெயின்ற் கடைக்காரருக்கும் வாகனம் கழுவுமிடத்து முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. அவர்களின் கழிவு ஓயில், கான் வழியே வாவிக்குப் போகும்.

தொழிற்சாலைக் கழிவுக்கு நம்மிடம் பெரிய உதாரணம் ஒன்றுதான், 1950களில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை. வைக்கோலிலிருந்து காகிதம் என்பது நெல் விளையும் மாவட்டத்துக்கு அழகான யோசனை. ஆனால் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அவித்த பிறகு மிஞ்சும் கருந்திரவத்திலிருந்து இரசாயனத்தை மீட்கும் கொதிகலனில் அது கல்லாய்ப் படிந்துவிடும். மரக்கூழ் ஆலைகள் மீட்டெடுத்துத் திரும்பப் பாவிக்கும் காரத்தை வைக்கோல் ஆலைகள் தண்ணீரில் விட்டன. வாழைச்சேனைக் களப்பு அந்தக் கறுப்பை நெடுங்காலம் வாங்கியது. ஆலப்புழையின் கயிற்றுத் தொழிலுக்கும் இதே பாவம் உண்டு, காயலில் ஊறப்போட்ட தேங்காய் மட்டை நீரின் ஒட்சிசனை உறிஞ்சி மீனை விரட்டியது. ஒன்று அரசாங்க ஆலை, மற்றது ஆயிரம் ஏழைகளின் கைத்தொழில். அளவில் பார்த்தால் ஆலையைக் கட்டுப்படுத்துவது இலேசு, ஒரு குழாய், ஒரு வாய். நடைமுறையில் அரசாங்கம் தன் குழாயைத் தானே அடைத்ததாகச் சரித்திரம் அதிகமில்லை.

இன்று வாவிக்கு வரும் நஞ்சில் எனக்குக் கூடுதல் கவலை தருவது ஆலையல்ல, வரம்பில் கிடக்கும் மருந்துப் போத்தல். களைநாசினி அடித்து முடித்ததும் வாய்க்காலில் அலசிவிட்டு அங்கேயே எறிகிறார்கள். முதல் மழைக்கு அது வாவிக்கு வரும். வீட்டில் உடைந்த மின்குமிழ், ரிமோட் பற்றரி, காலாவதியான குளிசை. இவை மொத்த எடையில் மிகச் சிறிய பங்கு. ஈரக் கழிவோடு சேரும்போதுதான் எல்லாவற்றையும் கெடுக்கின்றன. ஈரத்தைப் பிரித்துவிட்ட வீட்டில் இவற்றை ஒரு தகரத்தில் போட்டு வருடத்துக்கு இரண்டு தடவை கொடுப்பது பெரிய வேலையில்லை. மருந்துப் போத்தலை விற்ற கடையே திரும்ப வாங்க வேண்டும் என்ற விதி வேண்டும். முற்பணம் வைத்தால் போத்தல் தானாகத் திரும்பும், சோடாப் போத்தல் அந்தக் காலத்தில் திரும்பியதுபோல.

ஆகவே ஆலப்புழையை அப்படியே இங்கே இறக்க முடியாது. அதிலும் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து சரிவராது. கல்லடி, நாவற்குடா வீடுகளுக்கு வளவு உண்டு. அங்கே வீட்டோடு முடிக்கலாம். காத்தான்குடியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், புளியந்தீவில் கடைகளும் கந்தோர்களும். அங்கே தெருத் தொட்டிதான் வழி, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆளும் வேண்டும். சாணத்தைக் கரைத்து ஊற்றுவதும் சருகு பரப்புவதும் தினசரி வேலை. இரண்டு நாள் தவறினால் நாற்றம், மூன்றாம் நாள் மனு. தொடங்க வேண்டிய இடம் வீடுகள்கூட இல்லை, பொதுச் சந்தையும் மீன் சந்தையும். கழிவு ஒரே இடத்தில், ஒரே வகையாக, பெருந்தொகையாகச் சேர்வது அங்கேதான். சபையின் கட்டுப்பாட்டில் உள்ள இடமும் அதுதான். யார் வாசலிலும் போய் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. சந்தைக்குப் பின்னால் இருபது தொட்டிகள் ஒரு வருடம் நாறாமல் ஓடினால் அதைப் பார்த்தவர்களிடம் பேசுவது சுலபம்.

குடும்பஸ்ரீ நம்மிடம் இல்லை என்று கையை விரிக்கவும் அவசரப்பட வேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கிராம சேவகர் பிரிவுதோறும் இருக்கின்றன. கடன் கூட்டத்துக்கும் திறப்பு விழாவுக்கும் அழைக்கப்படும் அந்தப் பெண்களிடம் வீட்டுக்கட்டணம் வாங்கும் உரிமையோடு இந்த வேலையைக் கொடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. கொடுக்கும்போது ஒன்று மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும்: கட்டணம் அவர்கள் கைக்கு, சபையின் பொது நிதிக்கு அல்ல. கொடுவாமடு அப்போதும் தேவைப்படும், பெம்பஸுக்கும் உடைந்த பீங்கானுக்கும் யாரும் வாங்காத பொலித்தீனுக்கும். வாரத்துக்கு ஒரு லொறி போதுமா, இரண்டு வேண்டுமா என்பதைத்தான் 2025 மே மாதத்தில் தெரிவானவர்களிடம் முதலில் கேட்க வேண்டும்.